சவரியம்மாவின் தும்மல்

நுஹ்மானும் கபிரியேலும் சேர்ந்து செய்த வீடியோ விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதை இன்னும் நன்றாக்குவதற்கு அவர்களிடம் காசு இல்லாமல் போனதுதான் காரணம் என்று வெகுகாலம் கழித்துக் கபிரியேலுக்குப் பட்டது.

இரத்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நுஹ்மானுக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. முன்பக்கம் தொலைபேசியும் போட்டோக் கொப்பியும், பின்பக்கம் இரண்டு கம்பியூட்டர். அதில் ஒன்று மழை பெய்தால் வேலை செய்யாது. நுஹ்மான் புரோகிராம் எழுதினான். மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வரும் கபிரியேல் படம் கீறினான். விளையாட்டுக்குக் 'கொழுந்து' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு பெண் மலையில் கொழுந்து பறிக்கிறாள். மூடுபனி இறங்குகிறது. நீட்டிய கை தெரியாது. பன்றி எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாது. நின்ற இடத்தில் நின்றால் காலில் அட்டை ஏறும். பனிக்குள் எங்கோ இன்னொரு பெண் கூப்பிடுவாள்: "ஏ புள்ள, இங்கிட்டு வா." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து சேரலாம். அவ்வளவுதான் விளையாட்டு. மாத்தளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு விளையாடினார்கள்.

அந்தக் குரலும் அந்த முகமும் கபிரியேலின் சித்தி சவரியம்மாவுடையவை. அவன் அம்மா லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து அவனுக்குச் சோறு போட்டவள் சித்திதான். படம் பிடிக்க வந்த கபிரியேலிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒலகமே ஒங்களப் பாக்கும் சித்தி" என்றான் அவன்.

"பாத்துட்டுப் போகட்டும். நாலு பேரு பாத்து சிரிக்கிற மாதிரி மட்டும் என்னய ஆக்கிறாதடா. அம்புட்டுத்தான்."

கபிரியேல் கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்து கொடுத்தான்.

அப்போதுதான் 'மகாலீலா' கம்பெனி வந்தது. வெளிநாட்டுத் தலைமையகம், கொழும்பில் கிளை, கையில் கோடிக்கணக்கில் பணம். 'கொழுந்'தை உலகத்தரத்துக்கு உயர்த்தப் போவதாகச் சொல்லி இருவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பலாபத்வலையில் பெரிய வீதியோரம் கைவிட்டுக் கிடந்த பழைய மிளகு ஸ்டோர் ஒன்று ஸ்டூடியோ ஆனது. வெள்ளை அடித்து, கண்ணாடி வைத்து, ஏசி பூட்டினார்கள். ஏசியைப் போட்டதும் சுவர் இடுக்குகளில் படிந்திருந்த மிளகுத் தூளெல்லாம் கிளம்பிக் கட்டடத்தைச் சுற்றி வரத் தொடங்கியது. உலகத்தரம் முழுவதும் தும்மலோடுதான் நடந்தது.

டிரெக்டர் ராஜநாயகம் யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் பெரிய ஆளானவர். முதல் நாள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"நான் இதுக்கு முதல் இருபது வருஷம் சவர்க்காரம் வித்தனான். ஒரு கட்டியாவது போட்டுக் குளிச்சிருப்பனா? இல்லை. விக்கிறவன் பாவிச்சால் அவனுக்கு அதில பாசம் வந்திடும். பாசம் வந்தால் யாவாரம் படுத்திடும். ஆனபடியால் இந்த விளையாட்டையும் நான் விளையாடமாட்டன். அது உங்களுக்கு நான் தாற உறுதி."

எல்லோரும் கைதட்டினார்கள். கபிரியேலும் தட்டினான். கைதட்டிப் பழகியது அன்றைக்குத்தான்.

நுஹ்மான் மூடுபனித் துறைத் தலைவர் ஆனான். அவனுக்குக் கீழே பனியின் நிறத்துக்கு ஒருவர், அடர்த்திக்கு ஒருவர், பனியைப் பற்றி மற்றத் துறைகளோடு பேசுவதற்கு ஒருவர். கபிரியேலுக்குத் தரப் பொறுப்பாளர் பதவி கிடைத்தது. கழுத்தில் சிலுவைக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. காலையில் கூட்டத்தை நின்றபடிதான் நடத்த வேண்டும், அப்போதுதான் சுருக்கமாக முடியும் என்பது தலைமையகத்துச் சட்டம். முதல் வாரமே கூட்டம் மத்தியானம் வரை நீண்டு, கணக்குப் பகுதிப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அதன் பிறகு எல்லோருக்கும் கதிரை போட்டார்கள். பெயர் மட்டும் 'நின்ற கூட்டம்' என்றே நிலைத்துவிட்டது. யாராவது எழுந்து நின்றால், உட்காருங்கள், நின்ற கூட்டம் நடக்கிறது என்று அதட்டினார்கள்.

விளையாட்டு எதைப் பற்றியது என்று கபிரியேல் தமிழில் எழுதிக் கொடுத்ததைக் கொழும்பில் ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பினார். நன்றாகப் படித்தவர்தான். ஆனால் மலைப்பக்கம் வந்ததே கிடையாது. தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தைப் பெரட்டு என்பார்கள். அவர் அதை ராணுவ அணிவகுப்பு ஆக்கினார். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவது கவ்வாத்து. அவருக்குத் தெரிந்த கவாத்து பட்டாளத்துப் பயிற்சி. கவ்வாத்துக் கத்தி துவக்கு முனைக் கத்தி ஆனது. லயத்துப் பெண்கள் போர்முனைப் பெண்கள் ஆனார்கள். காலில் ஏறும் அட்டையைக் காகித அட்டை என்று போட்டுவிட்டார். இரத்தம் உறிஞ்சும் அட்டை அவருடைய நினைவுக்கே வரவில்லை.

தலைமையகம் துள்ளிக் குதித்தது. மலையில் பெண்கள் படை! காலையில் அணிவகுப்பு! காலில் ஒட்டிக்கொள்ளும் மர்ம அட்டைகள்! பணத்தை மூன்று மடங்காக்கினார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது: இவ்வளவு பெரிய படைக்கு ஏன் ஒரு துவக்குக்கூடக் கொடுக்கவில்லை?

கபிரியேல் பதறிக்கொண்டு ராஜநாயகத்திடம் ஓடினான். "சேர், பெரட்டுனா பேரு கூப்பிடுற எடம். கவ்வாத்துனா தேயிலை வெட்டுறது. இது ராணுவமே இல்ல சேர். தப்பா வெளங்கிக்கிட்டாங்க."

ராஜநாயகம் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீர் சொல்றது சரி. ஆனால் அதைவிடப் பெரிய சரி ஒண்டு இருக்கு. தேயிலை விளையாட்டுக்குத் தர இருந்த காசு வேற, ராணுவ விளையாட்டுக்குத் தந்த காசு வேற. பிழையைத் திருத்தினால் காசும் திருந்திடும்."

"நாடு இருக்கிற நெலமையில சேர்... தமிழ்ப் பொம்பள, கையில துவக்கு..."

"அதுக்குத்தான் எந்த நாடெண்டு ஓரிடமும் போடேல்லை."

அது இரண்டாயிரத்து எட்டு. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. மலையில் பிறந்தவனும் மாத்தளைக்கு இறங்கினால் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்த காலம். கபிரியேல் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். சரிங்க சேர் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. முதலில் பனி போனது. "மலைக்கு எவ்வளவு செலவழிச்சிருக்கிறம்? அதைப் பனியால மூடினால் பங்குதாரர் எங்களை மூடிப்போடுவினம்" என்றார் ராஜநாயகம். பனியை எடுத்த பிறகும் மூடுபனித் துறையை யாரும் கலைக்கவில்லை. பனி எங்கும் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதற்கு இன்னும் ஆள் சேர்த்தார்கள். "அல்லாஹ்வே, இல்லாத சாமானுக்கு நான் தலைவர் மச்சான்" என்று நுஹ்மான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பனி இல்லாவிட்டால் குரல் எதற்கு? சவரியம்மாவின் குரல் போனது. போகவேண்டிய வழியைக் காட்ட ஒரு சிவப்பு அம்பு வந்தது. அம்பு சின்னதாக இருக்கிறது என்று தலைமையகம் சொல்ல, அது வளர்ந்து வளர்ந்து மலையை மறைத்தது. தேயிலைச் செடிகள் ஓடுவதற்கு இடைஞ்சலாக இருந்ததால் அவற்றையும் பிடுங்கினார்கள். ஓடும் பெண்ணின் காலில் அட்டைகள் வந்து ஒட்டின. சீட்டுக்கட்டு மாதிரி மினுங்கும் அட்டைகள். ஒட்டியதை எடுக்க உப்புப் போட வேண்டும். அந்த உப்பை நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கபிரியேல் எழுதிக் கொடுத்ததில் அந்த ஒன்றைத்தான் அவர்கள் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். உறிஞ்சுவது உறிஞ்சத்தான் செய்தது.

தரப் பொறுப்பாளர் என்ற முறையில் கபிரியேல் பிழைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தான். பெரட்டுக் களத்துக்கு வந்தால் சவரியம்மா இடுப்புவரை மண்ணுக்குள் இறங்கிவிடுகிறாள். எந்த இடத்தில் எந்தப் பொத்தானை மாற்றி அழுத்தினாலும் விளையாட்டு நின்று, செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்குகிறது. பட்டியலை நிறுத்தவும் வழியில்லை, பெரிய இடத்துப் பெயர்கள் பல இருப்பதால் நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. ஒருநாள் ராஜநாயகம், 'பிழை' என்ற சொல்லே உற்சாகத்தைக் கெடுக்கிறது, இனி 'எதிர்பாராத அனுபவம்' என்றே சொல்ல வேண்டும் என்று அறிவித்தார். மறுநாள் கபிரியேல் எதிர்பாராத அனுபவங்களைச் சொன்னபோது எல்லோரும் மகிழ்ந்து கைதட்டினார்கள்.

வெளியிடும் நாளை மாற்ற முடியாது. தலைமையகத்தின் கணக்கு வருடம் அன்றோடு முடிகிறது. குத்துவிளக்கு ஏற்ற ஜோசியர் குறித்த நல்ல நேரமும் அன்று மாலையில்தான் விழுந்தது. "ஒரு பக்கம் பங்குதாரர், மற்றப் பக்கம் செவ்வாய். ரெண்டு பேரிட்டயும் தவணை கேக்கேலாது" என்றார் ராஜநாயகம்.

கபிரியேலின் தொல்லை தாங்காமல் ஒரு சலுகை மட்டும் செய்தார்கள். இலங்கையில் விற்கும் உள்ளூர்ப் பதிப்பில் துவக்கு இருக்காது. நேரம் போதாததால் துவக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் மட்டும் ஆக்கினார்கள். பிடித்த கை பிடித்தபடி இருந்தது. வெடிச் சத்தத்துக்குப் பதிலாகப் போடச் சின்னதாக, சட்டென்று ஒரு சத்தம் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். உலகத்தரத்தில் குரலைத் திரும்பப் பதிவு செய்கிறோம் என்று, குரலை எடுத்துவிடுவதற்கு முன்பு, சவரியம்மாவை ஒருநாள் மிளகு ஸ்டோருக்குக் கூட்டி வந்திருந்தார்கள், அன்று மிளகுத் தூளில் அவள் வாய் திறந்தபோதெல்லாம் போட்ட தும்மல்.

கடைசித் தரக் கூட்டத்தில் ராஜநாயகம் கேட்டார்: "தரம் திருப்தி எண்டு நினைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

கபிரியேலின் கை தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. நுஹ்மான் கபிரியேலைப் பார்த்தான், கபிரியேல் நுஹ்மானைப் பார்த்தான். பக்கத்து அறையில் புரியாணி வந்து இறங்கியிருந்தது. நாளை மறுநாள் சம்பளம். அறை முழுவதும் இவன் ஒருவனுக்காகத்தான் காத்திருந்தது. கபிரியேல் கையை உயர்த்தினான். யாரும் பிடித்து உயர்த்தவில்லை, தானாகத்தான் உயர்த்தினான். அந்தப் புரியாணியையும் சாப்பிட்டான்.

வெளியீட்டு விழா அன்று இரத்தோட்டையிலிருந்து தோட்டத்துப் பெண்களைக் கொழுந்துக் கூடையோடு கூட்டி வரக் கம்பெனி ஒரு பஸ் அனுப்பியது. ஸ்டூடியோ வாசலில் வரிசையாக நிற்க வைப்பதற்கு. சவரியம்மா நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் இருந்தாள். பக்கத்தில் அவள் கூட்டாளி அழகம்மா. நுஹ்மான் மடிக்கணினியோடும் கபிரியேல் கழுத்து அட்டையோடும் பின்னால் இருந்தார்கள். விளம்பரப் பகுதி, செலவு மிச்சம் என்று, தன் பெட்டிகளையும் அதே பஸ்ஸில் ஏற்றியிருந்தது. அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தரப் பகுதிக்கு யாரும் சொல்லவில்லை. தரப் பகுதியும் கேட்கவில்லை.

மாத்தளைக்குள் நுழையும் இடத்தில் செக்பொயின்ட். எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். பொலிஸ்காரன் ஒருவன் பெட்டியைப் பிரித்து, சுருட்டியிருந்த பெரிய போஸ்டர் ஒன்றை விரித்தான். தலைமையகம் உலகம் பூராவுக்கும் அச்சடித்த போஸ்டர். அதில் சீருடை போட்டு, தோளில் துவக்கோடு, கண்ணில் நெருப்போடு சவரியம்மா நின்றாள்.

பொலிஸ்காரன் போஸ்டரைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். திரும்பவும் போஸ்டரைப் பார்த்தான்.

அடுத்த அரை மணித்தியாலத்தில் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பொலிஸ் நிலையத்தில் இருந்தார்கள். பெண்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். கூடைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சவரியம்மா தன் கூடையை நிமிர்த்தி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்படிக் கூட்டிப் போன பெண்களில் திரும்பி வராதவர்களின் பெயர்கள் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கபிரியேல் கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"தம்பி, எனக்கு விளங்குது" என்றார் ராஜநாயகம். "ஆனால் நல்ல நேரம் தொடங்கிட்டுது. கையில நெருப்புக் குச்சியோட நிக்கிறன். நீர் சமாளியும். கம்பெனி உம்மை நம்புது." பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

பொலிஸ் சார்ஜன் போஸ்டரை மேசையில் விரித்து வைத்திருந்தார். கபிரியேல் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, இது வெறும் விளையாட்டு, கம்பியூட்டர் விளையாட்டு என்று சொன்னான்.

"மே செல்லமக்த?" என்றார் சார்ஜன். இது விளையாட்டா? அந்தக் கேள்விக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையும் அவர் குரலில் இருந்தது. "எங்கே, காட்டு."

நுஹ்மான் மடிக்கணினியைத் திறந்தான். உள்ளூர்ப் பதிப்பு ஓடியது. பொலிஸ்காரர்கள் சுற்றி நின்றார்கள். சவரியம்மாவையும் கொண்டுவந்து சார்ஜனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

திரையில் மொட்டை மலை. அதன் குறுக்கே சிவப்பு அம்பு. பெரட்டுக் களத்துக்கு ஓடி வந்த சவரியம்மா வழக்கம்போல இடுப்புவரை மண்ணுக்குள் இறங்கினாள். கையில் ஒன்றும் இல்லாமல், இருப்பதுபோல இரண்டு கையையும் நீட்டிக் குறி பார்த்தாள். ஒரு பன்றி வந்தது. சவரியம்மா 'ஹச்' என்று தும்மினாள். பன்றி செத்து விழுந்தது.

சார்ஜன் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

இன்னொரு பன்றி வந்தது. 'ஹச்.' அதுவும் விழுந்தது. அட்டைகள் பறந்து வந்து அவளுக்கு இல்லாத காலைத் தேடிக் காற்றில் ஒட்டின. உப்பு வாங்குகிறீர்களா என்று திரை கேட்டது. வாங்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்றும் சொன்னது.

முதலில் சிரித்தது வாசலில் துவக்கோடு நின்ற இளம் பொலிஸ்காரன். பிறகு மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன். அதன் பிறகு அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜன் தானே பொத்தானை அழுத்தத் தொடங்கினார். ஹச், ஹச், ஹச். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த அறையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். திரையைக் காட்டுவார்கள், சவரியம்மாவைக் காட்டுவார்கள், திரும்பவும் சிரிப்பார்கள். ஒருவன் அவளை நேரிலேயே தும்மச் சொன்னான்.

"இடுப்புக்கு மேலதான் வேலைக்கு வந்திருக்கா. அரைப்பேருதான் போடுவாங்க" என்று அழகம்மா பயத்தில் ஏதோ உளறினாள். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்குப் பாதி நாள் சம்பளம் போடுவதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். மற்ற நேரமாக இருந்தால் சவரியம்மாதான் முதலில் சிரித்திருப்பாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கபிரியேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது. பூமி தன்னையும் இடுப்புவரை இறக்காதா என்றிருந்தது அவனுக்கு.

சார்ஜன் எதையோ மாற்றி அழுத்திவிட்டார். விளையாட்டு நின்று பெயர்கள் ஓடத் தொடங்கின. தலைவர்கள், துணைத் தலைவர்கள், துணைத் தலைவர்களின் ஆலோசகர்கள், மூடுபனித் துறை. நிறுத்த முடியாததால் பொலிஸ் நிலையமே நின்று பார்த்தது. சவரியம்மா ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் படித்த எழுத்துகளை உதட்டுக்குள் கூட்டிக் கூட்டி வாசித்தாள். அவள் பெயர் எங்கும் வரவில்லை.

சார்ஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இவ்வளவு மோசமாக ஒன்றைச் செய்கிறவர்களால் நாட்டுக்கு ஆபத்து வராது. கூட்டிக்கொண்டு போ." போஸ்டர்களை வைத்துக்கொண்டார். பெண்களை விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் ராஜநாயகத்தின் அழைப்பு வந்தது. விழா பிரமாதமாம். நடந்ததைக் கேட்டுவிட்டு மகிழ்ந்து போனார். "பாத்தீரா! முதல் காட்சியே அரசாங்கக் கட்டடத்தில. எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிச்சவை எண்டா சொல்றீர்? அதை அப்பிடியே நாளைக்கு விளம்பரத்தில போடுவம். தம்பி, இது உம்மட தரத்துக்குக் கிடைச்ச வெற்றி."

விழாவுக்குப் போகாமல் பஸ் இரத்தோட்டைக்குத் திரும்பியது. இருட்டுவதற்கு முன்பே மலைப்பக்கம் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கபிரியேல் சித்திக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மன்னிச்சிருங்க சித்தி என்று சொல்லத்தான் வந்தான். அவள் மடியிலிருந்த கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அவள்தான் பேசினாள். "ஒம் பேரு வந்துச்சே."

"ம்."

"முழுப்பேரு போட்டிருந்தாங்க. அதுக்கு முன்னால தரம்னு எழுதியிருந்துச்சு. தரம்னா என்னாடா வேலை?"

"நல்லா இருக்கா, இல்லையான்னு பாக்குறது சித்தி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது பனி நன்றாக மூடிவிட்டது. முன்னால் நடந்தவர்கள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஏ அழகம்மா, இங்கிட்டு வா... ஏ புஷ்பவதி, பள்ளம் இருக்கு, பாத்து..." சவரியம்மா ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒருத்தியையும் விடவில்லை. கபிரியேல் சந்தியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாப் பேரும் வந்து முடிந்தது. அவன் பேர் வரவில்லை. அவன் கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்களைக் கூப்பிட்ட அந்தக் குரலின் பின்னால் வீட்டுக்கு நடந்தான்.